வாடையில்லாத வாளி

இனி அரிசி, காய், தண்ணீர் எதையும் கடையில் வாங்குவதில்லை என்று முடிவுசெய்து, கிராமத்தில் வீடு பார்க்கப் போனோம். கீரை விதைகூட வாங்கியாகிவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வைத்தார். குடிக்காமல் முகர்ந்து பார்த்தேன்.

வடசென்னை கொருக்குப்பேட்டையில் பழகிய மூக்கு. அங்கே நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து அடிபம்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். வெயிலில் வைத்தால் குடத்தின் மேல் வானவில் மிதக்கும். எனக்கு அது அழகு. அம்மாவோ ஒவ்வொரு குடத்தையும் முகர்ந்து, "இது துணிக்கு, இது கக்கூசுக்கு" என்று ஒதுக்குவாள். லாரித் தண்ணீரையும் முகராமல் உள்ளே விடமாட்டாள்.

இந்த வாளியில் எந்த வாடையும் இல்லை. கூட வந்திருந்த அம்மாவும் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு என்னைத் தனியே இழுத்துப்போனாள்.

"இன்னாடி இது, ஒரு நாத்தமும் இல்ல? கெணத்துல இன்னாத்தையோ ஊத்தி வச்சிகீறான். வேணாம், வா போலாம்."