தூங்கப் போகிற புல்லுக்குப் போட்ட உரம்

உண்மைக் கதை ஒன்று சொல்லப் போகிறேன். சத்தியமாக நடந்தது. நான் முடி வெட்டுகிறவன். சம்பந்தப்பட்ட ஆளே என் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னது. வெளியே சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. கத்தரிக்கோல் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் மறந்திருப்பார். ஆனால் ஒன்று, நான் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். ஒரு முழத்தை ஒன்பது முழமாக்காவிட்டால் எனக்கு வாய் கூசும். கடையில் இதைச் சொன்னபோது பெஞ்சில் பிளம்பரும் டெய்லரும் காத்திருந்தார்கள். பால்காரர் சவரத்துக்கு முகத்தைக் கொடுத்திருந்தார்.

அந்த ஆளை எல்லாரும் பச்சை என்று கூப்பிடுவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கிற புல்தரைக்கு அவர்தான் தாயும் தகப்பனும். எவ்வளவு பெரிய புல்தரை என்றால், இந்த முனையில் ஒருத்தர் தும்மினால் அந்த முனையில் நிற்கிறவருக்கு அடுத்த வாரம்தான் சளி பிடிக்கும். இழுத்தது இந்த இடம்தான், நானே சொல்லிவிட்டேன். மற்றபடி அது அருகம்புல் ஜாதி. வெயில் அடித்தால் துள்ளும். குளிர் வந்தால் வைக்கோல் நிறத்தில் சுருண்டு படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் பதறுவார்கள். சாகவில்லை, தூங்குகிறது.

அதற்குச் சாப்பாடு போட அவரிடம் ஒரு முறை இருந்தது. குளிர் போனவுடன் அவசரப்பட மாட்டார். புல் தானாகப் பச்சை கட்டி, ஒன்றிரண்டு தடவை வெட்டும் வாங்கின பிறகுதான் முதல் உரம். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுவார். பாதி உரத்தை நெடுக்கில் தூவினால் மீதியைக் குறுக்கில் தூவுவார். இல்லாவிட்டால் தரை வரிக்குதிரை மாதிரி ஆகிவிடும். குளிருக்கு முன்னால், தளிரைக் கிளப்பிவிடுகிற யூரியாவைக் கட்டி மூலையில் போட்டுவிட்டு, கடைசியாக வேருக்குத் தெம்பு கொடுக்கிற பொட்டாஷ் மட்டும். தூங்கப் போகிறவனை எழுப்பி உட்காரவைத்து விருந்து வைப்பார்களா என்று கேட்பார். இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் தெருக் குழந்தைகள் உரம் போடாமலே வளர்ந்துவிட்டன.

அவரோடு வேலை செய்தது மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டிய ஆள். அதிகம் பேச மாட்டான், வேலையில் குறை வைக்க மாட்டான். பச்சை ஓய்வு வாங்கினால் அந்த இடம் மச்சினனுக்குத்தான் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லியிருந்தார்.

வினை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே ஓர் ஓட்டல். அதன் வாசலிலும் இதே புல். குளிர் எட்டிப் பார்க்கிற சமயம், ஆஸ்பத்திரிப் புல் மங்கத் தொடங்கியும் ஓட்டல் புல் மட்டும் கிளிப் பச்சையாக நின்றது. ஓட்டல் தோட்டக்காரர் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, உங்க புல்லுக்கு ரத்தசோகையா? ஆஸ்பத்திரியிலதானே இருக்கு, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

பச்சைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காலையில்தான் மச்சினன் கடைசிப் பொட்டாஷைத் தூவி முடித்திருந்தான். மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, பச்சை யூரியா மூட்டையைப் பிரித்தார். அதே தரையில், அதுவும் தாராளமாக, தன் கையாலேயே தூவித் தண்ணீரும் விட்டார். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஆளுக்குத் தன் புத்தி மட்டும் சாப்பிடப் போயிருந்தது.

புல் எழுந்தது பாருங்கள், நோயாளிகள் ஜன்னல் வழியாகப் பார்த்தே குணமாகி வீட்டுக்குப் போனார்கள். மேனேஜர் தட்டிக் கொடுத்தார். பிறகு உறைபனி கொட்டியது. இளசாகக் கிளம்பியிருந்ததெல்லாம் கறுத்து, வெந்த கீரையாகத் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, எருமைக் கூட்டம் படுத்துப் புரண்ட மாதிரி பெரிய திட்டு.

கடைசியாக உரம் போட்டது யார் என்று மேனேஜர் கேட்டார். பச்சை வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முன்னால் வந்துவிட்டான்.

"நான்தான் சார். மூட்டைய மாத்தி எடுத்துட்டேன் போல. ரெண்டும் ஒரே மாதிரி சாக்கு, எனக்குப் படிக்கவும் வராது."

மாமாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது இல்லை. அவன் நிஜமாகவே அப்படி நம்பினான். பச்சை பக்கத்திலேயே நின்று, கறுத்த புல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். இனி உரத்தைத் தொடாதே, குப்பை பொறுக்கு என்று மேனேஜர் மச்சினனை அனுப்பிவிட்டார். வரவேண்டிய இடமும் போயிற்று.

சில நாள் கழித்து ஓட்டல் புல்லில் புரண்டுவிட்டு ஒரு வெள்ளை நாய் ரோட்டைத் தாண்டி வந்தது. வயிறு பச்சை, நாலு காலும் பச்சை. ஓட்டல்காரர் புல்லுக்குச் சாயம் அடித்திருக்கிறார். சாயத்தோடு போட்டி போட்டுத்தான் இவ்வளவும் செய்தோம் என்று தெரிந்தபோது, பச்சைக்கு அந்த நாயின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். மச்சினன் சாப்பிட வரும்போதெல்லாம் பச்சையின் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, தம்பியைப் பிடித்துக்கொள்வார். கண்ணைப் பொடனியிலா வைத்திருந்தாய், மாமா பேரைக் கெடுத்தாயே என்பார். அவன் தலை குனிந்து சாப்பிடுவான். பச்சை உடனே தண்ணீர் கேட்பார். அந்த வருஷம் அவர் குடித்த தண்ணீரில் ரெண்டு புல்தரை நனைந்திருக்கும்.

குளிர் போனது. முதல் உரத்தன்று சொல்லிவிடுவது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒத்திகை பார்த்தார். குப்பைச் சாக்கோடு ஓரமாக வந்து நின்ற மச்சினன், இது சரியான மூட்டைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னான். ஒத்திகை அத்தனையும் மறந்துபோனது. மச்சினனுக்கு இப்போது தன் கண் மேலேயே நம்பிக்கை இல்லை. சீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இது உப்பா சீனியா என்று அக்காவிடம் கேட்கிற நிலைமை. கோடை உரத்தன்றும் வாயைத் திறந்தார். புல் வெட்டுகிற மிஷின் கத்தியது. மிஷின் நின்றது, இவரும் வாயை மூடிக்கொண்டார். செத்த திட்டை யாரையும் தொடவிடாமல், முட்டி போட்டுத் தானே கொத்தி, புல்கொடியை ஒவ்வொன்றாக நட்டார். என்ன உழைப்பு என்று மேனேஜர் பாராட்டினார். பாராட்டு, வெறும் காலில் தீக்கங்கை மிதித்த மாதிரி இருந்தது.

திரும்பவும் கடைசிப் பொட்டாஷ் வந்தது. நீங்கள் ஓய்வு வாங்கினதும் உங்கள் இடத்துக்கு வெளியாள் ஒருத்தரைப் பார்த்திருக்கிறேன் என்று மேனேஜர் அன்றைக்குச் சொன்னார். பச்சை வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, மச்சினன் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்தார்.

"போன வருஷம் யூரியா போட்டது நான்டா. நீ சாப்பிடப் போயிருந்த."

மச்சினன் சாக்கைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் எடுத்தது சரியான மூட்டைதானா மாமா?"

"சரியான மூட்டைதான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வாங்க. முதல்ல அவகிட்ட சொல்லுங்க."

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அண்ணி புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தம்பிக்குச் சோறு போட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, நாளைக்கு ஆபீசுக்கு நானும் வர்றேன் என்று மட்டும் சொன்னார். பச்சைக்குத் தட்டு வைக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். எல்லாம் கேட்டு முடித்து, அந்த இடம் உனக்குத்தான் என்று மேனேஜர் மச்சினனிடம் சொன்னார்.

"எடுத்துக்கறேன் சார். ஆனா மாமா இனிமே உரத்தைத் தொட வேணாம். ஓய்வு வாங்குற வரைக்கும் குப்பை பொறுக்கட்டும்."

பச்சை சரி என்றார். இப்போது அதைத்தான் செய்கிறார்.

இதை நான் சொல்லி வாயை மூடவில்லை, பிளம்பர் எழுந்துவிட்டார். "அக்கா புருஷன குப்பை பொறுக்க விடறதா? அதான் ஒத்துக்கிட்டாருல்ல."

"ஒரு வருஷம் அவன் பொறுக்கினானே, அது உனக்குக் கண்ல படலையா?" என்றார் டெய்லர்.

"உன் மச்சினனா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"என் மச்சினனை ஏன்யா இழுக்கற?"

பாதி முகம் சோப்பு நுரையோடு பால்காரரும் நாற்காலியை விட்டு இறங்கி, ரெண்டு பேரும் தப்பு, சோறு போடாத அந்தப் பொம்பளையைத்தான் கேட்கணும் என்றார். உடனே ரெண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். நான் கத்தியை மடக்கிக்கொண்டேன்.