முன்னறைக் குச்சிகள்

என் வீட்டுக்காரர் பில்லியர்ட்ஸ் குச்சி செய்கிறவராக இருந்தார். பச்சைத் துணி விரித்த மேஜையில் பந்தைக் குத்திக் குத்தி ஆடுவார்களே, அந்தக் குச்சி. எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று என் அண்ணன் கேட்டான். "குச்சி செய்றார்" என்று பதில் வந்தது. "தீக்குச்சியா?" என்றான் அண்ணன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துச் சொந்தத்தில் அவருக்குப் பெயரே குச்சி மாப்பிள்ளைதான். அவருக்கு அதில் கோபமே வந்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வேலையில் கெட்டி. கடையில் வாங்குகிற குச்சி எல்லோருக்கும் ஒன்றுதான். இவர் ஆளைப் பார்த்துச் செய்வார். வந்தவரைக் கையை நீட்டச் சொல்லி அளப்பார். குனிந்து நிற்கச் சொல்லிப் பார்ப்பார். பழைய குச்சியை வாங்கி, பிடியில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். "உங்களுக்குப் பின்பக்கம் கொஞ்சம் கனம் வேணும் சார், நீங்க அவசரக்காரர்" என்பார். அந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். என் அவசரமும் என் கோபமும் மட்டும் இந்த மனிதரின் விரலுக்கு ஏன் தட்டுப்படவே இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வேலையில் கடைவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். மரத்தை லேத்தில் பிடித்து ஒரே மூச்சில் கடைந்தால் அது வளைந்துவிடும். அதனால் நகக்கண் அளவு கடைவார், மேலே ஒரு கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிடுவார், இரண்டு மாதம் அதன் பக்கமே போகமாட்டார். பிறகு எடுத்து இன்னும் கொஞ்சம், திரும்பவும் தொங்கல். இப்படி ஏழெட்டுத் தடவை. ஒரு குச்சி முழுசாக வெளியே வர ஒன்றரை வருஷம் ஆகும். நடுவில் எது இம்மி வளைந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் தக்காளிச் செடிக்கு முட்டு, ஜன்னல் திரைக்குக் கம்பி, பரணைத் துழாவுகிற கோல், எல்லாமே அவர் கழித்துப்போட்ட குச்சிதான்.

தொங்குகிற மரத்துக்கு ஈரம் ஆகாது. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் வீடு இரண்டே அறை, ஒரு சமையலறை. பின்னறைச் சுவரை ஒட்டி மாடிக்குப் போகிற தண்ணீர்க் குழாய். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் கை வைத்தால் கை நனையும், சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். முன்னறை நேர் எதிர். பகல் முழுக்க வெயில், ஒழுகாத தளம், மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். அந்த முன்னறையில் குச்சிகள் தொங்கின. அவற்றுக்கு ராத்திரி பகலாக ஒரு குண்டு பல்பு எரியும். சுவரில் ஈரம் காட்டுகிற கடிகாரம் மாதிரி ஒன்று, அதில் ஒரு முள். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவர் அந்த முள்ளைத்தான் பார்ப்பார்.

பின்னறையில் நாங்கள் மூன்று பேரும் படுத்தோம். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கு இளைப்பு. மழை பிடித்தால் போதும், படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே விசில் மாதிரி மூச்சு விடுவாள். டாக்டர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "காய்ஞ்ச ரூம்ல படுக்க வைங்கம்மா, பாதி சரியாயிடும்" என்றார்.

காய்ந்த அறை இருந்தது, குச்சிகளுக்கு.

நான் கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, "பாக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை, "மூச்சுக் காத்துலயே ஈரம் இருக்கும், மரம் குடிச்சிரும்" என்றார். பெற்ற பிள்ளையின் மூச்சுக்காற்று மரத்துக்கு ஆகாது என்று வாய் கூசாமல் சொன்னார். மூன்றாம் தடவை கெஞ்சினார். நகரத்தில் பெரிய கிளப் ஒன்று புதுக் கூடம் திறக்கப்போகிறது, பன்னிரண்டு குச்சி கேட்டிருக்கிறார்கள், பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் அதை எடுத்து ஆடப்போகிறார்கள் என்றார். "இந்தப் பன்னெண்டும் போகட்டும். வெளிய தனியா பட்டறை எடுத்திரலாம். அப்புறம் அந்த ரூம் பாப்பாவுக்குத்தான். உன்மேல சத்தியம்."

"என்மேல எதுக்குச் சத்தியம்? உங்க குச்சிமேல பண்ணுங்க, நம்புறேன்" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பன்னிரண்டுக்கும் ஒரே ஒரு கடைசல் பாக்கி இருந்தபோது, வெளியூரில் ஒரு போட்டி வந்தது. ஆட்டக்காரர்களின் குச்சி நுனியில் பந்தைத் தொடுகிற முனைத்தோலை மாற்றிக் கொடுக்க ஐந்து நாள் போனார். அவர் போன அன்று மழை பிடித்தது. மறுநாள் காலையில் மகளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டுத் திரும்பி வந்தேன். அந்தப் பின்னறைச் சுவரைப் பார்த்தேன். முன்னறைப் பூட்டைத் திறந்தேன், குச்சிகளுக்கு அடியில் மெத்தையைப் போட்டேன், பிள்ளையைப் படுக்க வைத்தேன்.

நாலு நாள் அங்கேதான் இருந்தோம். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, தைலம் போட்டு ஆவி பிடிக்க. அவளுடைய ஈரத்துணி வேறு எங்கே காயும்? அதையும் அங்கேதான் கொடி கட்டி உலர்த்தினேன். முள் ஏறியது, பார்த்தேன். ஏறட்டும் என்று இருந்தேன். பிள்ளை இரண்டாம் நாளே காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படியொரு கோபமும் அப்படியொரு நிம்மதியும் எனக்கு ஒரே சமயத்தில் வந்ததில்லை.

ஐந்தாம் நாள் காலையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கூட இரண்டு பல்பு போட்டேன். மழையும் விட்டிருந்தது. மத்தியானத்துக்குள் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். காற்று ஒரு நாளில் காய்ந்துவிடும், மரம் குடித்ததைக் கக்குவதற்கு மாதக்கணக்காகும் என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வந்ததும் வராததுமாக நேரே முன்னறைக்குப் போய் முள்ளைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"தைல வாசனை அடிக்குதே. உள்ள யாராவது இருந்தீங்களா?"

மகள் பின்னறையில் படுத்திருந்தாள். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிப்போன பிள்ளை. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். சண்டை போட்டாவது சொல்லியிருப்பேன்.

"யாரு இருப்பா? உங்க குச்சிங்கதான் இருந்துச்சு" என்றேன்.

"கதவு திறக்கலையே?"

"இல்ல."

பயந்து சொன்ன பொய் இல்லை அது. எனக்கு என்ன பயம்? கோபத்தில் சொன்ன பொய். நீ கேட்க வேண்டியதைக் கேட்காதபோது நான் ஏன் சொல்ல வேண்டும் என்கிற திமிர். அவர் நம்பிவிட்டார். அந்த வாரமே பன்னிரண்டுக்கும் கடைசிக் கடைசலைப் போட்டார். மெருகு ஏற்றினார், பிடிக்கு நூல் சுற்றினார், கண்ணாடிமேல் உருட்டி உருட்டிப் பார்த்தார். அத்தனையும் அன்றைக்கு நேராகத்தான் இருந்தன.

ஒன்றரை மாதம் கழித்து கிளப் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் மகளையும்கூட அழைத்துப் போனார். பெரிய கூடம். ராத்திரி பகலாக ஏசி ஓடி, உதடு வெடிக்கிற அளவுக்குக் காய்ந்த காற்று. எட்டு மேஜை, ஒவ்வொன்றையும் சுற்றி ஆட்கள். முதலாளி எங்களை நடு மேஜைக்குக் கூட்டிப்போனார். ஒரு குச்சியை எடுத்து மேஜைமேல் வைத்து உருட்டிவிட்டார். நேரான குச்சி சத்தமில்லாமல் உருளும். இது தட், தட், தட் என்று நடுவில் எம்பி எம்பி விழுந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் தட், தட். பன்னிரண்டில் ஒன்பது.

"மாஸ்டர், நான் குச்சி கேட்டேனா, வில்லு கேட்டேனா?" என்றார் முதலாளி. ஆடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு குச்சியை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றைப் பார்த்தார். ஒன்பதையும் பார்த்தார். பிறகு, "என் தப்புதாங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மகள் என் விரலைப் பிடித்திருந்தாள். இல்லை, இவர் தப்பு இல்லை, நான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அதன்பிறகு அவருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. வளைந்திருந்ததைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டோம், கண் போய்விட்டது என்றார். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "கண்ணு ஜம்முனு இருக்குது" என்றார். அப்படியானால் கை போய்விட்டது என்று முடிவு செய்தார். லேத்தில் நின்றால் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், மரத்தைப் பார்க்கமாட்டார். விஷயம் பரவி, ஆட்கள் வருவதும் நின்றது. ஆறு மாதத்தில் லேத்தை விற்றார். நாற்காலிக் கால் கடைகிற தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அங்கே கை வேலையே கிடையாது. கட்டையை வைத்துப் பொத்தானை அமுக்கினால் அது தானாகக் கடைந்து தள்ளும். முன்னறை மகளுக்குக் கிடைத்தது. அவளுக்கு இளைப்பும் நின்றது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அதற்குள் அவர் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படியே பதினோரு வருஷம் ஓட்டினேன்.

போன மாதம் மகள் விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். விடுதியில் தூக்கமே வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"சின்ன வயசுல மொத மொதல்ல நல்லாத் தூங்குனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குப்பா. உன் குச்சிங்களுக்கு அடியில. அம்மா மெத்தை போட்டுக் குடுத்தாங்களே, நீ ஊர்ல இல்லாதப்ப."

அவர் கை தட்டிலேயே நின்றது. "எத்தனை நாள்?"

"நாலு நாள் இருக்கும். அம்மா கெட்டிலை அணைக்கவே இல்ல. ரூமே மேகம் மாதிரி இருந்துச்சு." அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ உடைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கையில கோளாறு இல்ல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மாசம் தொங்க விட்டிருப்பேன். அவ்வளவுதான். ரெண்டு மாசம்."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. பதினோரு வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்திருந்த பதில்.

"வந்ததும் வராததுமா முள்ளைத்தானே பாத்தீங்க? பிள்ளை சாகக் கிடந்து பொழச்சிருந்தா. அவ எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார்.

"கேக்கலையா?"

"கேக்கல."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார்.

எந்த ஒன்றுக்காக அந்த மனிதரின் பதினோரு வருஷத்தை நான் பாழாக்கினேனோ, அது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. சமாளிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் வரும்.