உப்புத் தொட்டியின் சிவப்பு நூல்

தொட்டி நிரம்பி வழிகிற சத்தம், கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டால், கைதட்டல் போலவே இருக்கும். சென்ற மாதம் வீட்டிலிருந்தபடியே ஓர் அலுவலகக் கூட்டத்தில், பன்னிரண்டு முகங்கள் கணினித் திரையில் சதுரம் சதுரமாகப் பார்த்துக்கொண்டிருக்க, வேலையில் பிழை வராமல் தடுப்பது எப்படி என்று இருபது நிமிடம் பேசி முடித்ததும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. நானும் தலையைச் சற்றே தாழ்த்தி, "நன்றி, நன்றி" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு முன்னால் கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டு நானே போட்டுவிட்டு மறந்த மோட்டார்தான் மாடித் தொட்டியை நிறைத்து, சுவரில் இறங்கி, தெரு வரைக்கும் ஓடி என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது என்பது, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "ஏனுங்க, சும்மா சொல்லிப்போடலாம்னுதான் வந்தனுங்க, உங்க தொட்டி ரொம்பி ஊத்துதுங்க, எங்கூட்டு கேட்டுக்கிட்ட ஆறாட்ட ஓடுதுங்க" என்று மரியாதை ஒரு சொட்டும் குறையாமல் அறிவித்தபோதுதான் எனக்கும் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. நான் அந்த நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவி. அடுத்தவர்கள் செய்த பிழையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் எழுந்து ஓடுவதற்குள், எங்களோடு இருக்கும் என் அம்மா, எழுபத்தைந்து வயதுக் காலை இழுத்து நடந்து போய் சுவரிலிருந்த சுவிட்சை நிறுத்திவிட்டு வந்தார். திட்டியிருந்தால் அன்றைய கணக்கு அன்றே முடிந்திருக்கும். சொல்லாமல் போனதால் நான் முப்பத்தெட்டு வருடம் பின்னால் போக வேண்டியதாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்பது ஒன்றுதான். நாங்கள் வளர்ந்த, இன்றும் குடியிருக்கும் இதே சிங்காநல்லூர் வீட்டில் அப்போது அது இரண்டு: "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி". நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு தரம், அதன் இஷ்டத்துக்கு, முனிசிபல் குழாயில் வரும், குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி எங்கள் கிணற்றிலிருந்து மோட்டாரில் வரும், குளிக்க, துவைக்க. கொல்லைப் பக்கம் தரைக்குள் ஒரே தொட்டி, நடுவில் தடுப்புச் சுவர், மேலே அச்சில் வார்த்தது போல இரண்டு இரும்பு மூடிகள். எது எந்த மூடி என்று தெரிவதற்காக, உப்புத் தொட்டி மூடியின் கைப்பிடியில் சிவப்பு நூலும், நல்ல தண்ணி மூடியில் வெள்ளை நூலும் சுற்றிவைத்தது அம்மாவின் ஏற்பாடு.

அம்மா சூலூர்ப் பாதையில் ஒரு நூல் மில்லில், "டெஸ்டிங் லேப்"பில் வேலை பார்த்தார். நூல் எவ்வளவு மெல்லிசு, அதாவது எத்தனை நம்பர், எவ்வளவு இழுத்தால் அறும் என்று சோதிக்கிற இடம். ஒரு நம்பர் நூல் இன்னொன்றோடு கலந்துபோனால் துணியே பாழாகிவிடும் என்பதால் மில்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அடையாளம் உண்டு. அந்தப் பழக்கத்தை அம்மா அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு ஒரு நிறம், மல்லித்தூளுக்கு ஒரு நிறம், என் சீருடைப் பைக்கு ஒன்று. தலையில் பஞ்சுத் துணுக்கோடு சாயங்காலம் ஓட்டமாக வந்து, அந்தப் பஞ்சைக்கூடத் தட்டாமல் அடுப்படிக்குள் நுழைகிறவருக்கு, நின்று யோசிக்க நேரமில்லை. நூல்கள் அவருக்குப் பதிலாக யோசித்தன. என் தோழிகளின் அம்மாக்கள் "ஊட்டுல சும்மா" இருந்தார்கள், என் அம்மா மட்டும் நூல் கட்டிய வீட்டில் பறந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு ஒரு மனக்குறை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், அம்மாவை லேபுக்கே "இன்சார்ஜ்" ஆக்குவதாக மில்லில் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, ஒன்பது மணிக்குப் பதிலாக ஏழு மணிக்கு வர வேண்டும். அப்பா பம்ப்செட் பட்டறைக்காரர். ஜில்லாவில் எந்த மோட்டாரையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார், சொந்த வீட்டு மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்பது மட்டும் அவர் காதுக்கு எட்டியதேயில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு மாசம் போய்ப் பாரு சாந்தாமணி. ஊடு பழையபடி நடந்துச்சுன்னா செரி. கடைசில அக்கா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார். அக்கா என்றால் கோபிசெட்டிபாளையத்திலிருக்கும் என் அத்தை. அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர், எங்கள் வீட்டின் உச்ச நீதிமன்றம்.

அந்த ஒரு மாதம் அம்மா நாலரைக்கு எழுந்து, சமைத்து, ஆறேகாலுக்குப் பஸ் பிடித்தார். கிளம்பும்போது கிணற்று ஹோஸை உப்புத் தொட்டிக்குள் விட்டு மோட்டாரைப் போட்டுவிட்டுப் போவார். தொட்டி நிறைந்ததும் சுவிட்சை நிறுத்துவது என் வேலை. "ஹோஸைத் தொடக்கூடாது கண்ணு. சுவிட்சு மட்டுந்தான் உன்னுது." இருபத்தேழு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வீடு பழையபடி நடந்தது என்பதைவிட, அம்மா இரண்டு பங்கு நடந்தார் என்பது சரி.

இருபத்தெட்டாம் நாள் சனிக்கிழமை, அத்தை வரும் நாள். திங்கட்கிழமை அம்மா மில்லில் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முந்தைய வாரம்தான் வகுப்பில் சிநேகிதிகள் கையில் நூல் கட்டிக்கொள்ளும் மோகம் பரவியிருந்தது. உப்புத் தொட்டி மூடியிலிருந்து சிவப்பு நூலை நான் ஏற்கெனவே உருவியிருந்தேன். வெள்ளை மட்டும் எதற்குத் தனியாக என்று அன்று காலை அதையும் எடுத்து இரண்டையும் முறுக்கி வைத்ததில் மூன்று பேருக்குக் கட்டுகிற அளவு வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காலை வெயில் சாய்வாக விழுந்தது, ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மேலே பீய்ச்சினால் வானவில் தெரியும் என்பது எந்தக் குழந்தைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து நிமிடம் வானவில் விட்டேன். பிறகு ஹோஸை ஒரு மூடியைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, கதைப் புத்தகத்துக்குப் போய்விட்டேன். எந்த மூடி என்று பார்க்க அங்கே நூல் இல்லை. அது வழிந்து கைதட்டியபோது போய் நிறுத்தினேன். பாதி இருந்த நல்ல தண்ணியின் மேல் பாதி உப்புத் தண்ணி.

மூன்றரை மணிக்கு அம்மா வந்தபோது அத்தை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அத்தைக்கென்று தொட்டியிலிருந்து புதிதாக ஒரு குடம் எடுத்து வந்து காபி போட்டார். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல், மரியாதைக்கு இன்னொரு வாய் குடித்து, அதற்கப்புறம்தான் கேட்டார்.

"ஏம்மணி, சக்கரைக்குப் பதுலா உப்பப் போட்டுப்போட்டியா?"

அப்பா தன் டம்ளரை உறிஞ்சிப் பார்த்து, "மோட்டார்ல ஏதோ கோளாறாட்ட இருக்குது" என்றார். பழக்கதோஷம்.

அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். பிறகு கொல்லைக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு மூடியையும் தூக்கினார், இரண்டிலும் கையை விட்டு நக்கிப் பார்த்தார், நூலில்லாத கைப்பிடிகளைத் தடவிப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். திறக்கவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று காத்திருந்தேன்; பொய்யைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைக் கேட்கவேயில்லை. கூடத்துக்கு வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "நாந்தானுங்க. காத்தால அவசரத்துல ஹோஸை மாத்தி உட்டுப்போட்டேன். அந்து போன நூலைக்கூட மாத்திக் கட்டாம இருந்திருக்கறேன் பாருங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதல்ல அது. அப்படியிருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அவர் அதை மெய்யாகவே நம்பினார்.

அத்தை சண்டை போட்டிருந்தாலாவது அம்மா எதிர்த்துப் பேசியிருப்பார். அத்தையோ எழுந்து போய் அம்மாவின் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "உன்னையக் கொற சொல்லலம்மணி. ஒரு மனுசி எத்தனையத்தான் பாப்பா, சொல்லு. எங்கூர்ல வாய்க்காத் தண்ணியே இதவிட இனிப்பா இருக்கும், அங்க இருந்துட்டே எனக்குத் தாவு தீந்து போகுது" என்றார். அந்த அன்புக்கு அம்மா தலையைக் குனிந்து கொடுத்தார். சாயங்காலம் அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பு கூழாங்கல் மாதிரி நின்றது; உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதையே மென்றார்கள். எனக்குக் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அம்மா பழையபடி ஒன்பது மணிக்கே மில்லுக்குப் போனார். அம்மாவுக்கு மூன்று வருடம் கழித்துச் சேர்ந்த ஒருவர் இன்சார்ஜ் ஆனார். கடைசி வரை அவருக்குக் கீழேதான் அம்மா நூலை இழுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிகளில் புது நூல் கட்டியாயிற்று. பழைய நூல் என் ஜியாமெட்ரி பெட்டியில், காம்பசுக்கு அடியில், அந்த வருடம் முழுக்க இருந்தது. சிநேகிதிகளுக்குக் கட்ட மனம் வரவில்லை.

அம்மா ஏன் என்னைச் சந்தேகப்படவில்லை என்பது எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் முந்தின நாள் நான் தாமதமாக வந்ததுதான் காரணம். தயிர் உறையாவிட்டால் நான்தான். அவள் கணக்கில் மார்க் குறைந்தால், அந்த வாரம் நான் வெளியூர் போயிருந்தேனே என்று விரல்விட்டுப் பார்ப்பேன். கூட்டத்தில் இருக்கும்போது அடுப்படி ஞாபகம், அடுப்படியில் கூட்டத்து ஞாபகம். எங்கே இருந்தாலும் இன்னோரிடத்தில் இருந்திருக்க வேண்டியவள் என்றே ஒரு அரிப்பு. அலுவலகத்தில் ஒரு பிழையென்றால் பத்து பேரை விசாரித்து, சாட்சியம் கேட்டுத்தான் முடிவு சொல்வேன். வீட்டில் விசாரணையே கிடையாது, நேராகத் தண்டனைதான், அதுவும் எனக்கு. என் கணவரும் இதே வீட்டில்தான் இருக்கிறார், தயிர் உறையாததற்கு அவர் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. வேலைக்குப் போகிற பெண்ணின் வீட்டில் குற்றவாளியைத் தேட வேண்டிய அவசியமில்லை. அவள் அஞ்சரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தானே வந்துவிடுவாள்.

தொட்டி வழிந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு நான் போனபோது அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, நூலை உருவியது, வானவில், மூடி, கதவுக்குப் பின்னால் நின்றது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்கையில் எனக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் பங்கும் இருக்கலாம்.

அம்மா பாதி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நானில்லியா?"

"இல்லீங்மா. நாந்தான்."

"நானே இல்லியா?" என்று இன்னொரு தரம் கேட்டார், யாரோ வெகுநாள் முன்னால் எடுத்துப்போன சாமானை இப்போது திருப்பிக் கொடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

அந்த மில் இன்று கல்யாண மண்டபம். லேப் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அத்தை போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். தடுப்புச் சுவரை இடித்து, பெரிய ஒற்றைத் தொட்டியாக்கி, குடிப்பதற்குச் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டிவிட்டோம். மூடிக்கு அடையாளம் தேவையில்லை, நூல் கட்டக் கைப்பிடியும் இல்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால், தீர்ப்புச் சொன்னவர்கள் ஒருவரும் இல்லை; தண்டனை அனுபவித்தவர் மட்டும் எதிரே வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் அழுவார், அல்லது என் தலையைத் தடவுவார், இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நான் குனிந்து காத்திருந்தேன். வெளியே எங்கோ லேசாகக் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

அம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"அது கெடக்குது உடு கண்ணு. இப்ப போட்ட மோட்டார முதல்ல போய் நிறுத்து."