தட்டு யார் கையில்

எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் ஜெபா அக்கா. வண்டி நிறையும் வரை சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருப்பார். சூதாட அல்ல, வித்தை பழக. உள்ளங்கையில் ஒரு சீட்டை ஒளித்துக்கொண்டே பயணிகளின் பைகளைத் தூக்கி வைப்பார். யாரும் கண்டுபிடித்ததில்லை.

"பொம்பளைக்கு ஆட்டோ பத்தாதுன்னு சீட்டு வேறயா?" என்பார்கள்.

"ஏறியாச்சுல்ல, உள்ள தள்ளி உக்காருங்க" என்பார் அக்கா.

போன கிறிஸ்துமஸ் அன்று கோயில் வளாகத்தில், சபை மூப்பர் செல்வதுரை முன் அக்கா சீட்டுகளை விரித்தார். மூப்பர் எதை எடுப்பார் என்று முன்னதாகவே எங்களிடம் சொல்லியிருந்தார். மூப்பர் நிதானமாக யோசித்து அதையே எடுத்தார். நம் விரல் வரும் நேரம் பார்த்து, வேண்டிய சீட்டை அக்கா விரலுக்கடியில் நகர்த்திவிடுவார். நாமே எடுத்ததாக நினைப்போம். எல்லோரும் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை.

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். பைபிள் வசனம் தெரியாமல் ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கைக்கு வருவதுதான் அந்த வருஷம் முழுக்க நமக்கான வசனம். இந்தப் புத்தாண்டன்று, சவாரிக்குப் போக வேண்டியதால் புதுச்சேலைக்கு மேல் காக்கிச் சட்டையோடு வரிசையில் நின்றார் அக்கா. அவர் முறை வந்ததும் மூப்பர் தட்டை மேலே தூக்கிக்கொண்டார்.

"நீ கை வைக்காதத்தா. நான் எடுத்துத் தாரேன்."

"என் வசனத்த நான் எடுத்துக்கிறேன் பெரியப்பா."

"அப்ப சீட்டை விட்டுட்டேன்னு சபை முன்னால சொல்லு."

"விடலையே. எப்பிடிச் சொல்ல?"

"உன் கையை எப்பிடி நம்புறது?"

"கட்டு என் கையில இருந்தாத்தான் வித்தை. தட்டு உங்க கையிலதான இருக்கு. நான்ல பயப்படணும்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மூப்பர் அக்காவைத் தாண்டி, அடுத்து நின்ற மரியசெல்வி சித்தியிடம் தட்டை நீட்டினார். சித்தி கையைக் கட்டிக்கொண்டார்.

"வரிசைப்படி குடுங்கண்ணே."

அக்கா நகரவில்லை. சித்தியும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூப்பருக்குக் கை வலித்திருக்க வேண்டும். தட்டு மெல்ல இறங்கியது. அக்கா சட்டைக் கையைக்கூட மடிக்காமல் ஓர் அட்டையை எடுத்தார்.

"என்ன வசனம்? காட்டு."

"மத்தவுககிட்ட கேட்டீகளா?"

அட்டையைக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சவாரிக்குக் கிளம்பினார். சீட்டுக்கட்டும் அந்தப் பையில்தான் இருந்தது.