விளக்குமாறு மட்டும் என்னுடையது

மட்டமான துவக்கை வாங்கினால் போலீஸ் விட்டுவிடும், நல்ல துவக்கை வாங்கினால்தான் பிடிக்கும் என்று நான் மனதார நம்பினேன். ஐம்பது வயதில், முழுசாக நம்பினேன்.

குண்டசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனைவி நட்ட வாழைகளை, குலை தள்ளத் தள்ளக் குரங்குகள் முடித்துக்கொண்டிருந்தன. அவள் ஆசிரியை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த வாழைகள். குரங்கைச் சுட வேண்டாம், கூரைத் தகரத்தில் 'டங்' என்று ஒரு குண்டு பட்டால் போதும், ஓடிவிடும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். கிராம சேவகரிடம் அதற்கொரு கடிதமும் வாங்கிக்கொண்டு, நானும் மனைவியும் லீவர் இழுத்து அடிக்கும் காற்றுத் துவக்கு வாங்க அக்குறணைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் இரும்பு லீவர், மரப்பிடி. இழுத்தால் 'க்ளக்' என்று ஒரே சத்தத்தில் போய் உட்கார்ந்தது. மற்றது பாதி விலை, கறுப்பு பிளாஸ்டிக். லீவர் விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

"இதையே எடுப்போம்," என்றேன், ஆடும் பல்லைக் காட்டி.

"ஏன்?" என்றாள் மனைவி.

"பாக்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. வழியில யாரும் கேட்டா புள்ளைக்குன்னு சொல்லிக்கலாம்."

"எந்தப் புள்ளைக்கு? சின்னவனுக்கே மீசை வந்துருச்சு."

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். "அது ஒரு மழைக்குத் தாங்காது டீச்சர். பொறகு என்னத்தான் ஏசுவீங்க."

அவள் நல்லதை எடுத்தாள். சோதனைச் சாவடி வரிசைகளில் வாலிபத்தைக் கழித்த உடம்பு என்னுடையது; காக்கியைக் கண்டால் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். பக்கத்துக் கடையில் இரண்டு விளக்குமாறு வாங்கி, துவக்கை நடுவில் வைத்துக் கட்டினேன். கட்டுக்கு மேலே குழலின் நுனி எட்டிப் பார்த்தது. அதற்கு என் தொப்பியை மாட்டினேன்.

கண்டி பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். தொப்பி போட்ட விளக்குமாற்றை யார்தான் நிறுத்த மாட்டார்கள்? தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"விளக்குமாறு மட்டும்தான் என்னுடையது, சேர்," என்றேன்.

சொன்ன பிறகுதான் மனைவி பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை.

"என்னுடையது, சேர். குரங்குக்கு," என்று கடிதத்தையும் பில்லையும் நீட்டினாள்.

அவர் கடிதத்தை ஒரு பார்வை பார்த்தார். பில்லைத்தான் நிதானமாகப் படித்தார். "எங்கள் வீட்டிலும் குரங்குத் தொல்லை. இந்த விலைக்குத் தாங்குமா? இதைவிட மலிவாக வேறு இல்லையா?"

எனக்கு உயிர் வந்துவிட்டது. "மலிவானது வேண்டாம் சேர், லீவர் ஆடும். இதில் பாருங்கள், இரும்பு..."

"என்னோட சாமானப் பத்தி நீங்க ஏன் பேசுறீங்க?" என்றாள் தமிழில், மெதுவாக.

கடையின் பெயரை அவருக்கு எழுதிக் கொடுத்தாள். பிறகு கட்டை அவிழ்த்து, தொப்பியை என் கையில் தந்தாள். குண்டசாலை வரை துவக்கை அவள் மடியில் வைத்திருந்தாள். விளக்குமாறு இரண்டையும் நான் வைத்திருந்தேன்.