இறப்பர் மரத்தடியில் பதினோராம் வகுப்பு

மெட்டில்டா 1980 மார்ச் 14ஆம் திகதி, புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1998 முதல் இறப்பர் பால் வெட்டுகிறார். அவர் பொறுப்பில் இரண்டு துண்டு நிலம். ஒன்றில் 304 மரங்கள், மற்றதில் 311.

2021 ஏப்ரல் கடைசியில் கொரோனாவால் பாடசாலைகளை மறுபடி மூடினார்கள். தோட்டத்தை மூடவில்லை. காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கையில், எண்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். மெட்டில்டாவின் மகள் சரோனுக்கு அது பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குரிய வருடம். பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. லயத்தில் சிக்னல் கிடையாது.

ஜூலையில் கணவர் அருளப்பன் ஒரு முடிவோடு வந்தார்.

"கொழும்புல துணிக்கடைக்கு ஆள் கேக்குறாங்க. இஸ்கூல் தொறக்குற வரைக்கும் புள்ள போயிட்டு வரட்டுமே."

"அப்படிப் போனவங்கள்ல யாரு திரும்பி வந்து புஸ்தகத்த எடுத்தாங்க? ஒரு பேரு சொல்லுங்க."



மறுநாளே மெட்டில்டா, பாடசாலை விடுதியில் தங்கியிருந்த கணித ஆசிரியை செல்வநாயகியிடம் போனார். அவரது ஊர் கிளிநொச்சி; பயணத் தடையால் அங்கே போக வழியில்லாமல் இருந்தவர்.

"மல மேல மரத்தடியில புள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரணும். அட்ட கடிக்கும் டீச்சர். வருவீங்களா?"

"வாறன் அக்கா. இஞ்ச சும்மா இருந்து என்ன செய்யிறது?"

பால் மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விட வேண்டும். அன்றன்று வெட்டாத துண்டில், ஒரு மரத்துக்கு ஒரு பிள்ளையாக, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேருடன் ஜூலை 12, திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது.

"டீச்சர், அட்ட என் ரத்தத்துல மூணுல ஒரு பங்க குடிச்சிருச்சு!" என்று சரோன் கத்தினாள்.

"அப்ப மிச்சம் எவ்வளவு? எழுதும் பாப்பம்."

20ஆம் திகதி, யாரோ முறையிட்டதால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கூட்டம் கூட்டக்கூடாது, கலைந்து போங்கள் என்றார் சிங்களத்தில். மெட்டில்டாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்:

"இன்னைக்குப் பிரட்டுல எம்பத்தாறு பேரு ஒட்டிக்கிட்டு நின்னோம் மாத்தயா. அங்க உங்களக் காணமே! இங்க அளந்து பாருங்க."

பரிசோதகர் அளவு நாடாவை எடுத்து அளந்தார். விதி கேட்டது ஒரு மீட்டர். மரங்களுக்கிடையே மிகக் குறைந்த இடைவெளி பதினொரு அடி இரண்டு அங்குலம். எல்லோர் முகத்திலும் முகக்கவசம் இருந்தது.

"சரி. பத்துப் பேருக்கு மேல வேணாம்."

"அப்ப ரெண்டாப் பிரிச்சிக்கிறோம். மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள் தானே!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு நாள் ஒன்பது பேர், மறுநாள் பத்துப் பேர். பாடசாலைகள் மறுபடி திறக்கத் தொடங்கும் வரை, அக்டோபர் 20 வரை, அப்படியே நடந்தது. மழையால் கலைந்தவை பதினான்கு நாட்கள். பத்தொன்பது பேரில் ஒருவரும் கொழும்புக்குப் போகவில்லை.

பரீட்சை 2022 மே 23இல்தான் தொடங்கியது. நவம்பரில் பெறுபேறு வந்தபோது, சரோனுக்குக் கணிதத்தில் 'சி' தரம், திறமைச் சித்தி. உயர்தர வகுப்புக்கான படிவத்தை மெட்டில்டா அருளப்பனின் முன்னால் வைத்தார்.

"இன்னும் ரெண்டு வருசமா?"

"அதுக்கப்புறம் கேம்பஸ்னா இன்னும் நாலு வருசம். கையெழுத்தப் போடுங்க."

அருளப்பன் பேனாவைக் கேட்டார்.