ஊமைப் படத்தில் ஐடெல்லா திட்டியது

"இன்னொரு தரம் இடுப்பக் கிள்ளுனே, காதக் கடிச்சுத் துப்பிருவேன்டா, குடிகாரப் பன்னி!"

கண்ணீர் வழிய, கதாநாயகன் லைல் கார்விக்கின் மார்பில் சாய்ந்தபடி ஐடெல்லா சொன்னது இது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கதைப்படி அவன் போருக்குப் போகிறான், அவள் வழியனுப்புகிறாள். ஹாலிவுட்டில் அப்போது படத்துக்குச் சத்தம் கிடையாது. வாய் அசைந்தால் போதும். அந்தத் தைரியத்தில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். நானும் அங்கே நின்று சிரித்தேன். அவளுக்கு உடுப்புத் தைப்பவள் நான். என் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள்.

நெப்ராஸ்காவில் பன்றி வளர்த்தவனின் மகள். அப்பன் அடி தாங்காமல் ரயிலேறி வந்தவள். கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள், குதிரையிலிருந்து விழுந்தாள், குளிர்ந்த ஆற்றில் குதித்தாள். அழகி என்று பொய் சொல்ல மாட்டேன், மூக்கு கோணல். ஆனால் அழு என்றால் அழுவாள். அதனால் கதாநாயகி ஆனாள்.

படம் ஒஹையோவுக்குப் போனதும் வினை வந்தது. அங்கே ஓர் ஊரில் காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடம் இருந்தது. கொட்டகையே மூக்கைச் சிந்தும் இடத்தில் அந்தப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கூட வந்த வாத்தியார்கள் எழுந்து வெளியே போனார்கள். உதட்டைப் பார்த்தே பேச்சை அறிகிறவர்கள் அவர்கள். கொட்டகைக்காரன் எங்கள் முதலாளிக்குத் தந்தி அடித்துவிட்டான்.

முதலாளி ஸ்டான்டிஷ் ஐடெல்லாவைக் கூப்பிட்டனுப்பினார், துணைக்கு நானும் போனேன். கார்விக் முன்னாலேயே வந்து மீசையை நீவிக்கொண்டு நின்றான்.

"வாயாடிய வச்சு எடுத்த படத்த எவன் வாங்குவான்? உன் ஒப்பந்தத்தக் கிழிக்கப் போறேன்."

"இவன் என்ன பண்ணான்னு கேட்டீங்களா மொதலாளி?"

"நான் ஒண்ணுமே பண்ணல சார். தெனமும் இவ வாய் இப்படித்தான்," என்றான் கார்விக்.

ஒப்பந்தம் கிழிந்தால் வேறு கம்பெனி வாசலில்கூட நிற்க முடியாது. திரும்பவும் அப்பனும் பன்றிக் கொட்டிலும்தான்.

அவள் அப்படி என்னதான் பேசினாள் என்று பார்த்துச் சொல்ல, முதலாளி தன் அக்காள் ஆகத்தாவை வரவழைத்திருந்தார். காய்ச்சலில் காது போனவள். மாதா கோவிலே கதியென்று கிடப்பவள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. 'தொலைந்தோம்' என்று நினைத்தேன். ஐடெல்லாவின் நகம் என் கையில் பதிந்தது.

படம் ஓடியது. "திரும்பப் போடு," என்றாள் ஆகத்தா. போட்டார்கள். "இன்னொரு தரம்." அப்போதுதான் கவனித்தேன், அவள் பார்த்தது ஐடெல்லாவை அல்ல.

"இவ திட்டுறா, நெசந்தான்," என்று கத்தினாள். செவிடாயிற்றே, மெதுவாகப் பேசத் தெரியாது. "அதுக்கு முந்தி இந்த மீசக்காரன் சொல்றத எவனாவது பாத்தீங்களாடா? 'ராத்திரி என் ரூமுக்கு வரலேன்னா ஒன்ன இந்தப் படத்தோட ஒழிச்சுக் கட்டிருவேன்'கிறான். இவ கடிப்பேன்னு சொன்னதோட விட்டா. நானா இருந்தா கடிச்சிருப்பேன்."

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது.

முதலாளி அவனை விரட்டவில்லை. அவன் பெயருக்குக் கூட்டம் வருமே, எப்படி விரட்டுவார்? ஆனால் ஒப்பந்தம் கிழியவில்லை. "இனிமே கிட்டத்துல எடுக்கிறப்போ உன் வாய் தெரியக் கூடாது," என்றார், அவ்வளவுதான்.

அடுத்த நாளே ஐடெல்லா என்னைக் கடைக்கு இழுத்துப்போய் ஒரு விசிறி வாங்கினாள். பேசும் படம் வரும்வரை நடித்தாள். ஆண்பிள்ளை கிட்டே வந்தால் விசிறியால் வாயை மூடிக்கொள்வாள், உள்ளே இஷ்டத்துக்குத் திட்டுவாள். அது நாணம் என்று ஊர்ப் பெண்களெல்லாம் விசிறியும் கையுமாக அலைந்தார்கள். கறுப்புப் பட்டு, எலும்புக் கைப்பிடி. விலை ஒரு டாலர் பத்து சென்ட்.